மேல்விலாசம்

இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதியனுப்புக என்று பத்திராசிரியரவர்கள் பணித்தபோது, சங்கநூற் செய்தியொன்றை எழுதுவதாகவே யான் வாக்களித்தேன். தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பர்? ஆயினும் எழுதுகோலைக் கையிலெடுத்த அன்றிரவு, பல்லாண்டுகளாக நெஞ்சின் ஓரத்தே கிடந்து உறுத்தும் வேறொரு செய்தியே முன்வந்து நின்றது. அது நூலைப் பற்றியதன்று, கம்பியைப் பற்றியது. நம் வீட்டிற்கும் விடுதிக்கும் இணையத்தைக் கொணர்ந்து தருகின்றவர்கள், அதன் வழியே நாம் போவதும் வருவதுமாகிய போக்குவரத்தை எவ்வளவு காண்கின்றனர், கண்டு என்ன செய்கின்றனர் என்பதைப் பற்றியது. இதனை எழுத எனக்குள்ள தகுதி யாதெனின், யானே சிலகாலம் அங்ஙனம் கண்டுகொண்டிருந்தவன் என்பதேயாம்.

நம் கல்லூரியில் பயின்று வெளியேறியபின், யான் வேறோர் ஊரில் வேறொரு கல்லூரியில் ஆசிரியனாக அமர்ந்தேன். அதன் பெயர் ஈண்டு வேண்டா. 2017-ஆம் ஆண்டில் அங்குள்ள மாணவர் விடுதிக்கு என்னைத் துணைக் காப்பாளனாக நியமித்தனர். விடுதிக்கு ஒரு கம்பெனியார் கம்பிவழி இணையத்தைக் கொடுத்திருந்தனர். அக்கம்பி வந்து முடியும் இடத்தில், ஆர்மோனியப் பெட்டியினும் சிறிதாகிய ஒரு கருவி இருந்தது. அதனைப் பயர்வால் என்பர். மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தே உட்புகவேண்டும். புகுந்தபின் அவர் செல்லுமிடமெல்லாம் அக்கருவியைக் கடந்தே செல்லவேண்டும். ஊருக்குக் கம்பெனி எப்படியோ, அப்படியே விடுதிக்கு நாங்கள். இணையத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக அளப்பவர்கள்.

அக்கருவி நாள்தோறும் காலையில் ஓர் அட்டவணையை எழுதி என் கணினிக்கு அனுப்பும். மாணவன் பெயர், அறை எண், சென்ற நிலையத்தின் பெயர், நேரம், இழுத்த அளவு, இவற்றோடு ‘வகை’ என்றொரு கட்டமும் அதில் இருக்கும். கல்வி, விளையாட்டு, சினிமா, சூதாட்டம், போதைப்பொருள் என்று ஒவ்வொரு நிலையத்தையும் ஏதோவொரு வகையிற் சேர்த்து வைத்திருப்பார்கள். அவ்வாறு சேர்ப்பவர் கருவியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியார். முதல் மாதம் அவ்வட்டவணையைத் திறக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் மாதம் கூச்சம் போய் ஆர்வம் வந்தது. மூன்றாம் மாதத்திற்குள் காப்பி அருந்திக்கொண்டே, காலைப் பத்திரிகைக்கு முன் அதனைப் படிக்கலானேன். இதனை எழுதுகையில் இன்றும் என் கை தயங்குகின்றது.

2018-ஆம் ஆண்டு ஐப்பசியில், இரண்டாம் ஆண்டு பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன் பெயர்க்கு நேரே, ‘போதைப்பொருள்’ என்னும் வகை தொடர்ந்து வரலாயிற்று. எல்லாம் இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே. ஓரிரவு ஈரிரவன்று, யான் எண்ணியவரையில் பதினேழு இரவுகள். அவன் வகுப்பிலும் அக்காலத்துச் சோர்ந்தே காணப்பட்டான், கண்கள் சிவந்திருந்தன, நண்பரோடு சேராது ஒதுங்கினான். இவ்வளவும் ஒன்றோடொன்று பொருந்துவதாக என் அறிவு முடிவு கட்டிற்று. அவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மறைத்துவிடுவான் என்று அஞ்சினேன். வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்துவந்த அவன் தந்தையார்க்கு நேரே டெலிபோன் செய்து, “ஐயா, தங்கள் மகன் தவறான வழியிற் போவதாக ஐயுறுகிறேன், போதை மருந்து பற்றியது, தாங்கள் கவனிக்கவேண்டும்” என்று கூறிவிட்டேன். அவர் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “நல்ல வேளை சொன்னீர்கள், ஐயா” என்றார்.

நான்காம் நாள் அவர் விமானமேறி வந்துவிட்டார். அன்று மாலை தந்தையும் மகனும் என் அறைக்கு வந்தனர். தந்தையார் முகத்தில் யான் எதிர்பார்த்த சினம் இல்லை, வேறொன்று இருந்தது. மகன்தான் பேசினான். அவன் தாயாருக்குப் புற்றுநோய். அது எலும்பிற் பரவிவிட்டதென்று ஆறு மாதங்களுக்கு முன் வைத்தியர் கூறியிருந்தனர். வலி தாளாமல் மார்பின் மாத்திரை உட்கொண்டுவந்தார். எத்தனை மணிக்கொரு தடவை கொடுக்கலாம், வேறு மாத்திரைகளோடு சேர்த்தால் மூச்சு அடங்குமோ என்று இரவில் அண்டைவீட்டம்மையார் இவனுக்கு டெலிபோன் செய்யுந்தோறும், மருந்துகளைப் பற்றிக் கூறும் அந்நிலையத்தைத் திறந்து பார்த்துச் சொல்லுவான். கணவர்க்கு இதனைத் தெரிவிக்கலாகாதென்று தாயார் மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தெரிந்தால் வேலையை விட்டு வந்துவிடுவார். வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் நடுவில் நிற்கும். மார்கழியில் விடுமுறைக்கு வரும்போது தாமே சொல்லலாம் என்பது அவ்வம்மையார் எண்ணம்.

அம்மாணவன் என்மேற் சினந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “ஐயா, அந்த நிலையத்தில் எந்தப் பக்கத்தை நான் படித்தேன் என்று தங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடியாது என்பதுகூட அன்றுவரை எனக்குத் தெரியாது. கருவி எனக்குக் காட்டியது என்ன, காட்டாதது என்ன என்பதை யான் கற்கத் தொடங்கியது அதன் பின்னரே. தீர்ப்புச் சொல்லிய பின் சாட்சியத்தைப் படித்த நீதிபதியின் நிலை என் நிலை.

யான் கற்றவற்றைச் சுருங்கச் சொல்வேன்; விஞ்ஞானப் பகுதியைச் சார்ந்த நண்பர்கள் பொறுத்தருள்க. ஒரு நிலையத்தின் பெயரை நாம் தட்டுகின்றோம். நம் கருவிக்கு அப்பெயரால் பயனில்லை. அதற்கு வேண்டியது எண். ஆதலின் பெயர்க்கு எண் கூறும் சர்வர் ஒன்றனை அது முதற்கண் வினவுகின்றது. டி.என்.எஸ். என வழங்கும் இம்முறை 1983-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. அக்காலத்து இணையம் பல்கலைக் கழகத்தார்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் உரிய சிறு தெருவாக இருந்தமையின், வினாவையும் விடையையும் மூடாமல் திறந்தே அனுப்பினர். வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவர்க்கு அச்சர்வர் பெரும்பாலும் இணையச் சேவைக் கம்பெனியுடையதாகவே இருக்கும். எனவே நாம் எங்கே செல்வதாயினும், புறப்படுமுன் கம்பெனிக் கணக்கப்பிள்ளையிடம் வாய்விட்டு வழிகேட்டே புறப்படுகின்றோம். அவர் எழுதி வைத்துக்கொள்ள விரும்பினால் தடையென்ன?

அடுத்தது பூட்டு. இக்காலத்தில் பெரும்பாலான நிலையங்கள் தம் பேச்சைப் பூட்டியே அனுப்புகின்றன. உலாவியின் விலாசக் கட்டத்தருகே எச்.டி.டி.பி.எஸ். என்றோ, சிறு பூட்டுப் படமாகவோ அதனைக் காண்பீர்கள். பூட்டு விழுந்தபின் நாம் எப்பக்கத்தைப் படித்தோம், என்ன எழுதினோம், எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தோம் என்பன இடையிலுள்ள கம்பெனியார்க்குத் தெரியா. ஆனால் பூட்டுப் போடுவதற்கு முன் இரு கருவிகளும் பேசிக்கொள்ளும் முதற் பேச்சில், ‘இன்ன நிலையத்தை வேண்டுகிறேன்’ என்னும் பெயர் மட்டும் திறந்தே செல்கின்றது. 2018-இல் வெளிவந்த புதிய பூட்டு முறையும் அப்பெயரைத் திறந்தே விட்டது. அதனையும் மூடும் வழியொன்று பின்னர் வழக்கிற்கு வந்துள்ளதாயினும், எல்லா நிலையங்களும் அதனைக் கைக்கொண்டனவல்ல. ஆக, ஒட்டிய கடிதத்தைத் தபாற்காரர் பிரிக்கவில்லை, மேல்விலாசத்தைப் படிக்கின்றார், தபால் முத்திரையின் நேரத்தைப் பார்க்கின்றார், உறையைக் கையில் ஏந்தி எடை பார்க்கின்றார். என் அட்டவணையில் இருந்ததும் அவ்வளவே. அதன்மேல் ‘வகை’ என்னும் கட்டமோ, உறையைப் பார்த்தே உள்ளிருக்கும் கடிதம் இத்தகையது என்று எவரோ ஒட்டிய சீட்டு.

மேல்விலாசந்தானே, அதனால் என்ன என்பாருமுளர். இரவு இரண்டு மணிக்குப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் நிலையம். இரண்டேகாலுக்கு நகைக்குக் கடன் கொடுக்கும் கம்பெனியின் நிலையம். இரண்டரைக்கு ரயில் முன்பதிவு. இம்மூன்று உறைகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்பவனுக்குக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவேண்டிய தேவை யாது? சில வேளைகளில் வரிசை உண்மையைச் சொல்லும். சில வேளைகளில் எனக்குச் சொன்னதுபோற் சொல்லும். இரண்டில் எது கொடியதென்று என்னால் துணிய முடியவில்லை.

கம்பெனியார் பார்ப்பதற்கு நியாயமான காரணங்களும் உள என்பதை மறுக்கலாகாது. வழியில் நெரிசல் எங்கே, ஒரு சர்வரை முடக்கக் கூட்டமாய் ஏவப்பட்ட பொய்ப் போக்குவரத்து எங்கே என்று பாராமல் கம்பியைக் காக்க முடியாது. லைன்மேன் கம்பத்தில் ஏறத்தான் வேண்டும். ஏறியவர் சாளரத்தின் வழியே வீட்டினுள் நோக்குவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள கோட்டைக் கம்பெனியார் கடந்த வரலாறுகள் சில உண்டு.

அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று நம் கல்லூரி வாசகர்க்குச் சுவையாயிருக்கும். பழங்காலத்து நால்வர் பாட்டுக்களில் ஈடுபட்ட ஒருவர், அவற்றைப் பிட்டாரெண்ட் என்னும் முறையால் பிறரோடு பகிர முயன்றார், முடியவில்லை. அவர் தொழிலறிந்தவராதலின் கம்பியில் வருவனவற்றை ஆராய்ந்து, காம்காஸ்ட் என்னும் பெருங் கம்பெனியே இடையில் புகுந்து தடுப்பதைக் கண்டுபிடித்தார். தடுத்த முறைதான் வியப்பு. பேசுகின்ற இருவரில் ஒவ்வொருவர்க்கும் மற்றவரே ‘பேச்சை முடித்துக்கொள்வோம்’ என்று சொன்னாற்போலப் போலிச் செய்தி அனுப்பிவிடுவார்கள்; இருவரும் டெலிபோனை வைத்துவிடுவர். அஸோஸியேட்டட் பிரஸ் நிருபர்கள் இதனைத் தாமே சோதிக்க எண்ணி, எவர்க்கும் பதிப்புரிமையில்லாத நூலாக ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில வேதாகமத்தையே எடுத்து அனுப்பிப் பார்த்தனர். அதுவும் தடைப்பட்டது! 2008-இல் அந்நாட்டுத் தொடர்புத்துறை ஆணையம் கம்பெனியைக் கண்டித்தது. 2010-இல் நீதிமன்றம், ஆணையத்திற்கு அவ்வதிகாரம் உண்டென்று காட்டப்படவில்லை எனக்கூறிக் கட்டளையைத் தள்ளிவிட்டது. திருட்டுத்தனமாகப் படம் பகிர்வாரைத் தடுக்கவே செய்தனர் என்று சிலர் அக்கம்பெனிக்காக வாதிப்பர். உறையின் வடிவத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்பவனுக்குத் திருடனும் தெரியான், வேதமும் தெரியாது.

இங்கிலாந்தில் பி.டி. என்னும் தொலைபேசிக் கம்பெனி 2006, 2007 ஆகிய ஆண்டுகளில், பார்ம் என்னும் விளம்பரக் கம்பெனியோடு சேர்ந்து, தன் வாடிக்கைக்காரர் சிலரின் போக்குவரத்தை அவர்க்குச் சொல்லாமலே ஆராய்ந்து, அவர் விருப்பத்திற்கேற்ற விளம்பரம் காட்டும் சோதனை நடத்திற்று. செய்தி 2008-இல் வெளிவந்து பெருங் கூச்சல் எழுந்தது. 2011-இல் வழக்குத் தொடர்வதில்லை என்று அரசாங்க வழக்குத் துறையினர் முடிவு செய்தனர். வெரிஸான் என்னும் அமெரிக்கக் கம்பெனியார் 2012 முதல், தம் செல்போன் வாடிக்கைக்காரர் பூட்டின்றி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் அவர்க்குரிய அடையாள எண் ஒன்றைத் தாமே செருகி வந்தனர். தபாற்காரர் நம் உறையின்மேல் தம் கையால் ஒரு குறியிடுவது போலாம் இது. அக்குறியைக் கடிதம் பெறுவோர் எல்லாரும் படிக்கலாம். 2014-இல் வெளியார் இதனைக் கண்டுரைக்க, 2016-இல் 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதத்தோடு முடிந்தது. வாடிக்கைக்காரரின் இசைவின்றி அவர் உலாவிய வரலாற்றைக் கம்பெனியார் பயன்படுத்தலாகாது என்று அதே ஆண்டில் அங்கு ஒரு விதி செய்தனர். 2017-இல், அது நடைமுறைக்கு முழுதும் வருமுன்பே, காங்கிரஸ் சபை அதனை நீக்கிவிட்டது.

நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். ஈங்கு இணையச் சேவை நடத்த உரிமம் பெற்றோர், எவர் எந்த எண்ணோடு எப்போது இணைந்தார் என்னும் கணக்கைக் காத்துவைக்கவேண்டும். ஓராண்டாக இருந்த அக்காலவரம்பை 2021 டிசம்பரில் இரண்டாண்டாக்கினர். பேச்சின் உள்ளே நோக்கவேண்டுமாயின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவும், 2009-ஆம் ஆண்டு விதிகளும் கூறும் அதிகாரியின் எழுத்துக் கட்டளை வேண்டும். 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் என்பது மனிதனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு வந்த ஆண்டிலேதான் யான் விடுதிக் காப்பாளனானேன். பத்திரிகையில் அதனைப் படித்து மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. என் கணினியில் வந்த அட்டவணைக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று மட்டும் தோன்றவில்லை.

தபாலை உவமையாக எடுத்தாண்டேன். அவ்வுவமைக்கு உரிய உண்மை வரலாறும் ஒன்றுண்டு. 1844-ஆம் ஆண்டில் லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலிய தேசபக்தர் மாஜினி, தமக்கு வருங் கடிதங்களை எவரோ பிரித்துப் பார்க்கின்றனர் என ஐயுற்றார். நண்பர்களை வேண்டி, உறையினுள் கசகசா விதைகளையும் மணலையும் தலைமயிர் இழைகளையும் இட்டு அனுப்பச் செய்தார். கடிதம் வந்து சேர்ந்தபோது விதைகள் இல்லை! செய்தி பார்லிமெண்டில் எழுந்தது. உள்நாட்டு மந்திரி சர் ஜேம்ஸ் கிரஹாம் கட்டளையிட்டே பிரித்தனர் என்பது வெளியாயிற்று. கார்லைல் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிக் கண்டித்தார். தபாலாபீஸில் நெடுங்காலம் மறைவாக இயங்கிய அப்பகுதியும் ஒழிந்தது. இக்கதையை நான் வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர் கசகசாவைக் கேட்டுச் சிரிப்பர். இக்காலத்தில் நாம் எந்த விதையை இடுவது? மேல்விலாசம் படிக்கப்படுவதனால் உறையிலிருந்து எதுவும் உதிர்வதில்லை.

டி.என்.எஸ். வினாவையும் பூட்டியனுப்பும் முறை 2018-இல் வகுக்கப்பெற்றுள்ளது, வி.பி.என். என்னும் மூடிய வழியும் உண்டு. அவற்றால் கம்பெனிக் கணக்கப்பிள்ளை காணாது போகலாம். ஆனால் கண் ஒழியவில்லை, இடம் மாறுகின்றது. வினாவைப் பெறும் வேறொருவரை, அல்லது வி.பி.என். நடத்துபவரை, நாம் நம்பியாகவேண்டும். இலவசமாகக் கொடுப்பவரிடம் இன்னும் சற்று எச்சரிக்கையாக இருத்தல் நலம் என்பது என் கருத்து.

ஒற்றாடல் என்று குறளில் ஓர் அதிகாரம் உண்டு. ஒற்றன் ஒருவன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்று அதில் வள்ளுவர் கூறுவார். யான் அதனை ஆண்டுதோறும் பாடஞ் சொல்லி, தேர்விலும் வினாவாகக் கொடுத்து, விடைகளுக்கு மதிப்பெண்ணும் இட்டவன்.

மார்கழியில் அம்மாணவன் வீட்டிற்குச் சென்றேன். செல்லும் துணிவு வர அத்தனை நாள் ஆயிற்று. தந்தையார் திரும்பிச் செல்லவில்லை. உள்ளூரிலேயே ஒரு கடையிற் கணக்கெழுத அமர்ந்திருந்தார். அம்மையார் கட்டிலிற் சாய்ந்தவாறே என்னை உட்காரச் சொன்னார். மகளைக் கூப்பிட்டுக் காப்பி கொண்டுவரச் செய்தார். யான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டார். “அவர் வந்தது நல்லதுதான், ஐயா, பக்கத்தில் இருக்கிறார். ஆனால் அதை நான் சொல்லவேண்டும் என்று இருந்தேன்” என்றார். எப்படிச் சொல்லுவது, எந்த நாளிற் சொல்லுவது என்றெல்லாம் நினைத்து வைத்திருந்ததாகவும் கூறினார். அடுத்த ஆனியில் அவர் காலமானார். என் பிழையினாலன்றோ கணவர் இறுதிக்காலத்தில் உடனிருக்க நேர்ந்தது என்று நண்பர் சிலர் எனக்கு ஆறுதல் கூறியதுண்டு. அவ்வாறுதலை ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை.

விடுதிக் குழுவில் அட்டவணையையே நிறுத்தவேண்டுமென்று வாதாடினேன். கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்தின்படி, ஏதேனும் குற்றம் நிகழ்ந்து போலீஸார் கேட்டால் எந்த மாணவன் எப்போது இணைந்தான் என்று காட்டவேண்டும் என்றனர், அது மெய்யே. இறுதியில் ‘வகை’ என்னும் கட்டத்தை எடுத்துவிட்டனர். நாள்தோறும் எனக்கு வந்துகொண்டிருந்த கடிதம் நின்றது. கணக்கு கருவிக்குள்ளேயே இருக்கும். அதனைத் திறக்கவேண்டின் பிரின்ஸிபாலும் மாணவர் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்திற் காரணம் எழுதிக் கையொப்பமிடவேண்டும் என்று விதித்தோம். நீலநிற அட்டையிட்ட அப்புத்தகத்தைக் கடைவீதியில் யானே வாங்கி வந்தேன். நான்கு ஆண்டுகளுக்குப் பின் யான் அக்கல்லூரியை விட்டு நீங்கியபோது அதில் மூன்று கையொப்பங்களே இருந்தன. மூன்றும் களவுபோன ஒரு மடிக்கணினியைப் பற்றியவை.